தடுப்பு மருந்து எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமானால்: ஆரம்ப சுகாதார சேவை ஏன் முக்கியம்?



கோவிட் காலத்தில் நம்மவர்கள் கூடிய இடமெல்லாம் ஒரு கேள்வி எழுந்தது. "பணக்கார நாடுகள் தடுப்பு மருந்தை வாங்கிக் குவித்து வைத்திருக்கின்றன. அதில் பாதியை ஏழை நாடுகளுக்குக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்தானே?" நியாயமான கேள்விதான். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கொடுத்தால் மட்டும் போதுமா? இந்த இதழின் மருத்துவப் பக்கத்தில் அதைத்தான் சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

2021இல் நடந்தது என்ன?

முதலில் நாம் வாழும் கனடாவையே எடுத்துக்கொள்வோம். நம்முடைய சனத்தொகைக்குத் தேவையானதைப்போலப் பல மடங்கு தடுப்பு மருந்தைக் கனடா முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து வைத்திருந்தது. அது போதாதென்று, எல்லா நாடுகளுக்கும் நியாயமாகப் பகிர்வதற்காக உருவாக்கப்பட்ட 'கோவாக்ஸ்' திட்டத்தின் முதற் பங்கீட்டிலும் 2021 பெப்ரவரியில் தன் பங்கைக் கேட்டுப் பெற்றது. ஜி7 நாடுகளில் அப்படிச் செய்தது கனடா ஒன்றுதான். சட்டப்படி அதற்கு உரிமை இருந்தது என்பது உண்மை. ஆனாலும் வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கோவாக்ஸ் மூலம் இலவசமாக அனுப்பப்பட்ட முதற் தொகுதி 2021 பெப்ரவரி 24ஆம் திகதி கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் வந்திறங்கியது. 6 இலட்சம் டோஸ்கள். புனே நகரில் தயாரானவை. படமெடுத்தார்கள், உலகம் முழுவதும் செய்தி வந்தது. அதன் பிறகு நடந்தவை அவ்வளவாகச் செய்தியில் வரவில்லை.

கொங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு 17 இலட்சம் டோஸ்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் 13 இலட்சத்தைக் காலாவதியாகுமுன் கொடுத்து முடிக்க முடியாது என்று தெரிந்ததும் வேறு நாடுகளுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மலாவி நாட்டில் 2021 மே மாதம் காலாவதியான ஏறத்தாழ 20,000 டோஸ்களைப் பகிரங்கமாக எரித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நைஜீரியா 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட டோஸ்களை அழித்தது.

இந்தச் செய்திகளைப் பார்த்தவர்களில் சிலர், "கொடுத்தும் பிரயோசனமில்லை, அவர்களுக்கு அதைப் பாவிக்கத் தெரியவில்லை" என்றார்கள். இது முழுத் தவறு. அனுப்பப்பட்ட மருந்தில் ஒரு பகுதி பணக்கார நாடுகளில் மிஞ்சியது. காலாவதிக்கு நாலைந்து வாரம் இருக்கும்போது கைகழுவி விடப்பட்டது. யுனிசெவ் தந்த தகவலின்படி, 2021 டிசம்பர் மாதத்தில் மட்டும் ஏழை நாடுகள் 10 கோடிக்கும் மேற்பட்ட டோஸ்களை வேண்டாம் என்றன. முக்கிய காரணம் காலாவதித் திகதி நெருங்கியிருந்தது. கல்யாண வீட்டில் மிஞ்சிய சாப்பாட்டை இரவு பதினொரு மணிக்குக் கொண்டுபோய் ஒரு வீட்டு வாசலில் வைத்துவிட்டு, காலையில் "நீங்கள் சாப்பிடவில்லையே" என்று கேட்பதைப் போன்றது இது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. நல்ல திகதியோடு, போதிய அளவு மருந்து வந்தாலும், விமான நிலையத்திலிருந்து ஒரு கிராமத்துத் தாயின் கைக்குழந்தை வரை அதைக் கொண்டுபோக ஆட்கள் வேண்டும், வாகனம் வேண்டும், குளிர்ப்பெட்டி வேண்டும், பெயர்ப் பதிவேடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசி போட வரும் ஆளை அந்தத் தாய் நம்ப வேண்டும். இவை யாவும் சேர்ந்ததைத்தான் ஆரம்ப சுகாதார சேவை என்கிறோம்.

நமக்குத் தெரிந்த சேவைதான்

1978 செப்டம்பரில், அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த அல்மா அட்டா நகரில் 134 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஒரு பிரகடனம் செய்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளைத் தலைநகரில் கட்டிக்கொண்டு போவதை விட, மக்கள் வாழும் இடத்துக்கு அருகில், அவர்களால் தாங்கக்கூடிய செலவில் அடிப்படை வைத்தியம் கிடைக்கச் செய்வதுதான் முதல் வேலை என்றது அந்தப் பிரகடனம். தாய் சேய் நலம், சுத்தமான குடிநீர், போசாக்கு, தடுப்பூசி, சாதாரண நோய்களுக்கு மருந்து எல்லாம் அதில் அடங்கும். 2000ஆம் ஆண்டுக்குள் எல்லோருக்கும் சுகாதாரம் என்பது அன்றைய இலக்கு. அந்த ஆண்டு வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இலக்கு இன்னும் தூரத்தில்தான் நிற்கிறது.

பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் நமக்குப் புதிதல்ல. இலங்கையில் வளர்ந்தவர்களுக்குக் குடும்ப நல உத்தியோகத்தரை, அதாவது நாம் 'மிட்வைஃப் அம்மா' என்று கூப்பிட்டவரை, நினைவிருக்கும். ஏறத்தாழ 3000 பேருக்கு ஒருவர். யார் வீட்டில் யார் கர்ப்பம், யாருடைய பிள்ளைக்கு முக்கூட்டு ஊசி இரண்டாவது தடவை போடவில்லை என்பதெல்லாம் அவருடைய கொப்பியில் இருக்கும். கிளினிக்குக்கு வராவிட்டால் படலைக்கு வந்து நிற்பார். இந்த முறையின் தொடக்கம் 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு. தமிழ்நாட்டிலிருந்து வந்த வாசகர்களுக்கு இதே வேலையைச் செய்பவர் கிராம சுகாதார செவிலியர். சமவெளிப் பகுதியில் சுமார் 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர், புதன்கிழமை என்றால் ஊசி நாள்.

இப்படி ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொண்டோம். உலகின் பல பகுதிகளில் அப்படி ஒருவர் இல்லை.

மருந்து நடந்து போகும் பாதை

தடுப்பு மருந்து மற்ற மருந்துகளைப் போலல்ல. பரசிற்றமோலை மேசை லாச்சியில் வைக்கலாம். தடுப்பு மருந்தில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்து குழந்தையின் கை வரை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். இதைத்தான் குளிர்ச் சங்கிலி என்பார்கள். தலைநகரில் பெரிய குளிர் அறை, மாவட்டத்தில் குளிர்சாதனப் பெட்டி, அங்கிருந்து தோளில் மாட்டிய குளிர்ப்பெட்டி என்று அது கைமாறிக்கொண்டே போகிறது. எங்காவது ஒரு கண்ணி அறுந்தால், ஊசி போட்டாயிற்று என்று அட்டையில் எழுதப்பட்டிருக்கும், குழந்தைக்கோ பாதுகாப்பு இருக்காது.

வெப்பம்தான் எதிரி என்று நாம் நினைப்போம். உண்மையில் உறைந்து போவதும் அதேயளவு ஆபத்து. முக்கூட்டு மருந்து, ஏற்புவலித் தடுப்பு மருந்து, ஹெபடைட்டிஸ் பி மருந்து ஆகியவை உறைந்தால் கெட்டுவிடும். அதனால் உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பொதிகளை உடனே மருந்தோடு வைக்கக்கூடாது. சற்று நேரம் வெளியே வைத்து, குலுக்கிப் பார்த்து, உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். பன்னிரண்டு மைல் நடக்க வேண்டிய தாதி காலை ஐந்து மணிக்கு எழுந்து செய்யும் முதல் வேலை இதுவாக இருக்கும். இதையெல்லாம் பயிற்சி கொடுத்துத்தான் சொல்லித்தர முடியும்; ஒரு பெட்டியை நன்கொடையாக அனுப்புவதால் வராது.

1996 முதல் மருந்துக் குப்பிகளில் ஒரு சிறிய அடையாளம் ஒட்டப்படுகிறது. முதலில் போலியோ சொட்டு மருந்தில் வந்தது, பின்பு மற்றவற்றிலும் வந்தது. ஒரு வட்டம், அதனுள் ஒரு வெளிறிய சதுரம். வெப்பம் பட்டால் சதுரம் மெல்ல மெல்லக் கருக்கும். சதுரம் வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் குப்பியை எறிந்துவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர்கூட மருந்து நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்லலாம். என்னைக் கேட்டால், கடந்த முப்பது ஆண்டுகளில் வந்த மருத்துவக் கண்டுபிடிப்புகளில் இதற்கு மிக உயர்ந்த இடம் கொடுப்பேன்.

இன்னொரு சங்கடம் குப்பியைத் திறப்பது. சின்னமுத்து மருந்து பெரும்பாலும் 10 டோஸ் குப்பிகளில் அனுப்பப்படுகிறது, ஏனென்றால் அப்படி அனுப்புவது மலிவு. தூளாக இருப்பதைத் திரவத்தில் கலந்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் பாவித்து முடிக்க வேண்டும். அன்று கிளினிக்குக்கு மூன்று பிள்ளைகள் மட்டும் வந்தால்? ஏழு டோஸ் வீணாகும், மேலதிகாரி கணக்குக் கேட்பார். ஆகவே தாதி, "அடுத்த மாதம் வாருங்கள், இன்று ஆட்கள் குறைவு" என்று சொல்லி அனுப்பிவிடுவார். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கொள்கை. ஆனால் கையிருப்புக் குறைந்த ஒரு சிறு நிலையத்தில், கணக்குக் காட்ட வேண்டிய தாதி, பல வேளைகளில் அதற்குத் துணிவதில்லை. இரண்டு மணி நேரம் நடந்து வந்த தாய் வெறுங்கையோடு திரும்புகிறாள். அடுத்த மாதம் வருவாளா? வயல் வேலை விட்டு, கூலி இழந்து வந்தவள். சந்தேகம்தான்.

மருந்து இல்லாததால் மட்டும் குழந்தைகள் தவறவிடப்படுவதில்லை என்று சொல்வது இதனால்தான்.

2 சதவீதத்தில் தொடங்கிய நாடு

வழி இருக்கிறது என்பதற்குப் பங்களாதேஷ் ஒரு நல்ல உதாரணம். அந்த நாடு 1979 ஏப்ரல் 7ஆம் திகதி குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு ஆண்டுகள் கழிந்து 1985இல் பார்த்தபோது முழுமையாக ஊசி பெற்ற குழந்தைகள் வெறும் 2 சதவீதம்! ஊசி ஆஸ்பத்திரியில் கிடைத்தது, மக்கள் ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அதன் பிறகு அவர்கள் செய்தது மிக எளிமையானது. ஊசியை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு யூனியனிலும் (நமது கிராம சபை போன்றது) பல இடங்களைத் தெரிந்தெடுத்து, மாதம் ஒரு முறை குறித்த நாளில் அங்கே ஊசி போடுவது என்று ஏற்பாடு. இடம் என்றால் கட்டிடம் அல்ல. ஊரில் யாராவது ஒருவருடைய வீட்டு முற்றம். உபமாவட்ட சுகாதார நிலையத்திலிருந்து அதிகாலையில் ஒரு சுமையாள் குளிர்ப்பெட்டியைச் சைக்கிளிலோ ரிக்‌ஷாவிலோ படகிலோ கொண்டுவருவார். அரசாங்கத்தின் சுகாதார உதவியாளரும் குடும்ப நலப் பணியாளரும் அங்கே காத்திருப்பார்கள். முன்னைய நாட்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் பெயர்களைப் பதிந்தவர்களும் அவர்களேதான். மாலையில் மிஞ்சிய மருந்து திரும்பிப் போகும். அரசாங்கம் செய்ய முடியாத இடத்தில் 'பிராக்' போன்ற தொண்டு நிறுவனங்கள் கைகொடுத்தன. ஒரே நாளில் நாடு முழுவதும் தொடங்காமல், 1985க்கும் 1990க்கும் இடையே படிப்படியாக உபமாவட்டங்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

இன்று அங்கே முழுமையாக ஊசி பெறும் குழந்தைகள் 80 சதவீதத்துக்கு மேல். பணக்கார நாடாகிய பின் வந்த முன்னேற்றம் அல்ல இது. ஏழ்மையும் வெள்ளமும் சூறாவளியும் இருந்தபோதே வந்தது. பின்னர் சுமார் 6000 பேருக்கு ஒன்றாகச் சமுதாயக் கிளினிக்குகள் அமைக்கப்பட்டபோது, அவற்றுக்கான நிலத்தை ஊர் மக்களே கொடுத்தார்கள். இன்று அப்படிப்பட்ட கிளினிக்குகள் ஏறத்தாழ 14,000 இருக்கின்றன.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். சில்ஹெட் பகுதியின் சதுப்பு நிலங்களிலும், ஆற்று நடுவே தோன்றி மறையும் மணற்தீவுகளிலும், சிட்டகாங் மலைப் பகுதியிலும் இன்றும் தவறவிடப்படும் பிள்ளைகள் உண்டு. வியப்பு என்னவென்றால், கிராமங்களைவிட நகரங்களின் சேரிகளில்தான் இன்று பிரச்சினை அதிகம். காரணம் நிர்வாகம். கிராமத்துச் சுகாதாரத்தைச் சுகாதார அமைச்சு பார்க்கிறது. நகரத்து ஆரம்ப சுகாதாரம் மாநகர சபைகளின் பொறுப்பில் விடப்பட்டது. அங்கே வீடு வீடாகப் போகும் பணியாளர்கள் போதிய அளவில் இல்லை. ஆடைத் தொழிற்சாலையில் காலை முதல் இரவு வரை நிற்கும் தாய் காலை பத்து மணிக் கிளினிக்குக்கு எப்படி வருவாள்? டாக்கா சேரிகளில் மாலை நேரத்தில் ஊசி போட்டுப் பார்த்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள். நாங்கள் இங்கே வாங்கி அணியும் சட்டையைத் தைத்தவளும் அந்த வரிசையில் நின்றிருக்கக்கூடும்.

காய்ச்சலுக்கு வராதவர்கள் சொட்டு மருந்தோடு வந்தபோது

நைஜீரியாவின் வடக்கே உள்ள கானோ மாநிலம் வேறொரு பாடத்தைத் தருகிறது. 2003இல் அந்த மாநிலமும் அயலிலுள்ள சில மாநிலங்களும் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தின. மருந்தில் பெண்களை மலடாக்கும் பொருள் கலந்திருக்கிறது என்று வதந்தி. மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்த மக்களுக்கு இரண்டு அனுபவங்கள் இருந்தன. ஒன்று, 1996இல் அங்கே மூளைக்காய்ச்சல் பரவியபோது ஒரு பன்னாட்டு மருந்து நிறுவனம் குழந்தைகளிடம் தன் புதிய மருந்தைப் பரிசோதித்தது. அது பெரும் சர்ச்சையாகி நீதிமன்றம் வரை போனது. இரண்டாவது அன்றாட அனுபவம். பிள்ளைக்கு மலேரியா வந்தால் மருந்தில்லை, வயிற்றோட்டம் வந்தால் பார்க்க ஆளில்லை, சின்னமுத்தில் பிள்ளைகள் இறந்தபோது எவரும் வரவில்லை. ஆனால் போலியோவுக்கு மட்டும் மாதா மாதம் வண்டியில் வந்து, கதவைத் தட்டி, இலவசமாகச் சொட்டு மருந்து ஊற்றுகிறார்கள். "எங்கள் மீது திடீரென்று ஏன் இந்த அக்கறை?" என்று ஒரு தகப்பன் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

ஏறத்தாழ 11 மாதங்கள் மருந்து நின்றது. பின்பு, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான மருந்தை ஏற்றுக்கொள்ள கானோ உடன்பட்டது. அதற்குள் வைரஸ் நைஜீரியாவிலிருந்து கிளம்பிவிட்டது. பல நாடுகளைத் தாண்டி 2005இல் அது எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? அதே இந்தோனேசியாவுக்கு! பத்து ஆண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த நாட்டில் சுமார் 300 பிள்ளைகளுக்குக் கால் விளங்காமல் போனது. அவர்களிலும் ஊசி, சொட்டு மருந்து தவறிய பிள்ளைகளே அதிகம்.

நைஜீரியா தன் வழியை மாற்றிக்கொண்டது. 2006 முதல் சொட்டு மருந்தோடு பூச்சி மருந்து, நுளம்பு வலை, மற்றத் தடுப்பூசிகள் எனப் பலவும் சேர்த்துக் கொடுக்கும் நாட்கள் வந்தன. ஊர்த் தலைவர்களும் மதப் பெரியார்களும் முன்னுக்கு வந்தார்கள். அந்தந்த ஊர்ப் பெண்களே தாய்மாரிடம் போய்ப் பேசினார்கள். 2016க்குப் பின் அங்கே இயற்கைப் போலியோ வைரஸால் எவரும் பாதிக்கப்படவில்லை; 2020 ஆகஸ்டில் ஆபிரிக்கப் பிராந்தியம் முழுவதும் அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இடையே 2014இல் லாகோஸ் நகருக்கு எபோலா வந்தபோது, அதை விரைவாகக் கட்டுப்படுத்த உதவியவர்களும் போலியோவுக்காகப் பயிற்றப்பட்ட அதே பணியாளர்கள்தான்.

ஆனாலும் வழக்கமான தடுப்பூசிகளில் நைஜீரியா இன்னும் பின்தங்கியே இருக்கிறது. ஒரு நோயைத் துரத்த ஓடுவதும், நிரந்தரமான ஒரு கிளினிக்கை நடத்துவதும் வேறு வேறு.

போர் நடுவிலும் ஊசி

நமது தாயகத்தில் 1995 முதல் போலியோ சொட்டு மருந்து நாட்களுக்காக இரு தரப்பும் துப்பாக்கிகளை ஓயவைத்த 'அமைதி நாட்கள்' பலருக்கு நினைவிருக்கலாம். வேறு எதிலும் உடன்படாதவர்கள் இதில் உடன்பட்டார்கள். 1993க்குப் பின் இலங்கையில் ஒரு போலியோ நோயாளிகூடப் பதிவாகவில்லை. அந்தச் சொட்டு மருந்தைக் கொடுத்தவர்கள் வெளியிலிருந்து வந்த படையல்ல. இடம்பெயர்ந்தபோது சனத்தோடு சேர்ந்து இடம்பெயர்ந்த மருத்துவிச்சிகளும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும், தொண்டர்களும்தான்.

2008 ஜனவரியில் இலங்கையில் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி அறிமுகமானது. சில மாதங்களிலேயே ஊசிக்குப் பின் சில குழந்தைகள் இறந்ததாகச் செய்தி வரவே, அரசாங்கம் அதை நிறுத்தியது. மறைக்கவில்லை. நிபுணர்களை அழைத்து ஆராய்ந்தது. அதுவரை பழைய முக்கூட்டு ஊசியும் ஹெபடைட்டிஸ் பி ஊசியும் தனித்தனியாகத் தொடர்ந்தன. 2010இல் புதிய ஊசி மீண்டும் வந்தது, தாய்மாரும் பிள்ளைகளோடு வந்தார்கள். இதே போன்ற செய்தி வந்த வேறு நாடுகளில் கிளினிக்குகள் வெறிச்சோடியதுண்டு. நான் நினைக்கிறேன், வித்தியாசம் ஊசியில் இல்லை. அதைப் போடுபவரைத் தாய்க்கு ஏற்கெனவே பத்து மாதமாகத் தெரியும் என்பதில் இருக்கிறது.

பணம் யார் கொடுப்பது?

1974இல் உலக சுகாதார நிறுவனம் ஆறு நோய்களுக்கான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியபோது வளரும் நாடுகளில் 100 குழந்தைகளில் 5 பேருக்குக்கூட அவை கிடைக்கவில்லை. அதன் பின் வந்த 50 ஆண்டுகளில் தடுப்பூசிகள் 15 கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்திருப்பதாக 2024இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் 10 கோடி, ஒரு வயது நிறையாத குழந்தைகள்.

ஆனால் புதிய மருந்து எப்போதும் பணக்காரப் பிள்ளைக்குத்தான் முதலில் வந்தது. ஹெபடைட்டிஸ் பி மருந்து 1980களின் தொடக்கத்தில் வந்துவிட்டது. ஏழை நாடுகளின் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது கிடைக்க 2000ஆம் ஆண்டு தாண்ட வேண்டியிருந்தது. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2000இல் 'கவி' என்ற உலகத் தடுப்பு மருந்துக் கூட்டணி உருவானது. பல நாடுகளுக்காக மொத்தமாக வாங்கி விலையைக் குறைப்பது அதன் வழி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி பணக்கார நாடுகளில் 100 டொலருக்கு மேல் விற்றபோது, 2013இல் கவி அதை 4.50 டொலருக்குப் பேசி முடித்தது.

அதே ஊசியை ஆபிரிக்காவில் முதன்முதலில் நாடு தழுவிய அளவில் கொடுத்தது ருவாண்டா, 2011இல். முதல் ஆண்டிலேயே தகுதியான சிறுமிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெற்றார்கள். மருந்து அவர்களுக்கு நன்கொடையாகக் கிடைத்தது என்பது பாதிக் காரணம். பாடசாலைக்கு வராத சிறுமிகளை ஊரூராகத் தேடிக் கண்டுபிடிக்க, மக்களே தெரிந்தெடுத்த ஆயிரக்கணக்கான சமுதாய சுகாதாரப் பணியாளர்கள் அங்கே இருந்தார்கள். அது மறு பாதி.

இப்போது நிலைமை இறுக்கமாகியிருக்கிறது. 2025 ஜூனில் பிரசல்ஸ் நகரில் நடந்த மாநாட்டில் கவி அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு 1190 கோடி டொலர் வேண்டும் என்றது. 900 கோடிக்குச் சற்று அதிகமாகவே வாக்குறுதி கிடைத்தது. அமெரிக்கா தன் பங்கை நிறுத்துவதாக அதே மாநாட்டில் அறிவித்தது. 2024இல் உலகில் 1 கோடி 43 இலட்சம் குழந்தைகள் ஒரு ஊசிகூடப் பெறவில்லை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நைஜீரியா, இந்தியா, சூடான், கொங்கோ, எத்தியோப்பியா, இந்தோனேசியா, யேமன், ஆப்கானிஸ்தான், அங்கோலா ஆகிய ஒன்பது நாடுகளில் வாழ்கிறார்கள்.

எத்தியோப்பியாவின் பெயரைப் பார்த்து வருத்தமாக இருந்தது. 2003 முதல் பத்தாம் வகுப்பு முடித்த பெண்களுக்கு ஓராண்டு பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு ஊர்ப் பிரிவுக்கும் இருவராக, 30,000க்கும் மேற்பட்டோரைச் சம்பளத்துடன் வேலைக்கு அமர்த்திய நாடு அது. 2020இல் திக்ரேயில் தொடங்கிய போர் அந்தப் பகுதியின் சுகாதார நிலையங்களில் பெரும்பாலானவற்றை நாசமாக்கியது. இருபது ஆண்டு உழைப்பு இரண்டே ஆண்டில் போனது.

நன்கொடையாளர்களிடம் ஒரு குணம் உண்டு. மருந்து வாங்கக் கொடுப்பார்கள், ஏனென்றால் இத்தனை டோஸ் என்று எண்ணிக் காட்டலாம். தாதியின் மாதச் சம்பளத்துக்கும், மோட்டார் சைக்கிளின் பெற்றோலுக்கும், கிளினிக் கூரைக்கும் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

அந்தக் குணம் நம்மிடமும் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன். ஊருக்கு உதவி என்று பணம் சேர்த்ததும் ஸ்கேன் இயந்திரமோ அம்புலன்சோ வாங்கிக் கொடுத்துப் பெயர்ப்பலகை வைக்க ஆசைப்படுகிறோம். அதைவிட, முதலில் அந்தப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரியைக் கேளுங்கள். கிளினிக்கில் தாய்மார் இருக்க நிழலும் கழிப்பறையும் தண்ணீர்த் தாங்கியும் தேவைப்படலாம். மருத்துவிச்சிக்கு ஒரு ஸ்கூட்டர் தேவைப்படலாம். வீட்டுப் பாவனைக்கான குளிர்சாதனப் பெட்டியை வாங்கி அனுப்பாதீர்கள். அதன் குளிர் ஒரே சீராக இராது, மருந்து உறைந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த, தடுப்பு மருந்துக்கென்றே செய்யப்பட்ட பெட்டிகள் உண்டு. மின்சாரம் தட்டுப்படும் இடங்களுக்குச் சூரிய ஒளியில் இயங்குபவையும் உண்டு. தடுப்பு மருந்தை நீங்களாக வாங்கிப் பயணப் பெட்டியில் கொண்டுபோவது கூடவே கூடாது.

இங்கே நம் வீட்டிலும் கவனம் தேவை. சின்னமுத்து பரவாமலிருக்க 100 பேரில் 95 பேர் இரண்டு ஊசியும் பெற்றிருக்க வேண்டும். 2024இல் உலக அளவில் இரண்டாவது ஊசி பெற்ற பிள்ளைகள் 76 சதவீதம்தான். கனடாவிலும் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து பரவியதால், 2025 நவம்பரில் சின்னமுத்தை ஒழித்த நாடு என்ற தகுதியை இந்த நாடு இழந்தது. 2019இல் அந்தத் தகுதியைப் பெற்ற இலங்கைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது, நாம் நோயைக் கொண்டுபோகிறவர்களாகவும் இருக்கலாம்!

கோடை விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன் குடும்ப வைத்தியரைப் பாருங்கள். கைக்குழந்தை இருந்தால் வழக்கமான 12 மாதம் வரை காத்திருக்காமல், பயணத்துக்காக 6 மாதத்திலேயே சின்னமுத்து ஊசி ஒன்று போடலாம். ஆனால் அது கணக்கில் சேராது, பிறகு வழமையான இரண்டு ஊசியும் போட வேண்டும். 1970இலோ அதற்குப் பின்னோ பிறந்த பெரியவர்கள், முக்கியமாக இடப்பெயர்வில் அட்டைகளைத் தொலைத்தவர்கள், தாங்கள் ஊசி பெற்றோமா என்று நிச்சயமில்லாவிட்டால் வைத்தியரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளலாம். முன்பே போட்டிருந்தாலும் பெரும்பாலோருக்கு அதனால் தீங்கில்லை. கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் இந்த ஊசியைப் போடக்கூடாது. அவர்கள் பயணத் திகதியைக் குறிக்கும் முன்பே வைத்தியரிடம் பேசிக்கொள்ளுங்கள்.